அறிவும் தன்னம்பிக்கையும் ஆளுமையும்

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் எமது கிராமத்து ஆலயங்களில் அர்ச்சனைகளின் தொகை கூடிவிடுவதை நாம் எல்லோரும் அறிவோம். பேனாவையும் பரீட்சை அனுமதி அட்டையையும் தட்டத்தில் வைத்து, பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் குருக்களிடம் சொல்லிவிட்டுக் கண்கலங்க நிற்கும் தாய்மாரைக் காண்கின்றோம். "என்ரை பிள்ளை முன்னுக்கு வரவேணும்" என்பதே அவர்களின் வேண்டுதல். பெறுபேறு வெளியான மறுநாளும் அதே வீதியில்தான் நாம் ஒருவரையொருவர் சந்திக்கின்றோம். அன்று ஒரு வீட்டில் பொங்கல் நடக்கும். இன்னொரு வீட்டின் கதவு சாத்தியபடி இருக்கும்.

முன்னுக்கு வருபவர் எதனால் முன்னுக்கு வருகின்றார்? இக்கேள்விக்கு எமது ஊரிலே நான்கு விதமான பதில்கள் உண்டு. "அவன் பிறவியிலேயே கெட்டிக்காரன்" என்பர் சிலர். "துணிஞ்ச பிள்ளை, அதுதான் வெண்டது" என்பர் வேறு சிலர். "நல்ல பொறுப்பான பிள்ளை, ஆட்கள் நம்பிக் காரியத்தைக் குடுப்பினம்" என்பர் இன்னும் சிலர். இவை ஒன்றும் பொருந்தாதவிடத்து, "எல்லாம் தலையெழுத்து" என்று பேச்சை முடித்துவிடுவர். முதல் மூன்றையும் அறிவு, தன்னம்பிக்கை, ஆளுமை என்று நூல்கள் கூறும். நான்காவதை ஊழ் என்கின்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணி செய்தவன் என்ற வகையில், நான் செய்த ஒரு தவறையும் மறைக்காமல் எடுத்துக்கூறி, இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முருகன் சந்நிதியில் மூன்று சக்திகள்

நாம் நாள்தோறும் வணங்கும் முருகப் பெருமானின் திருவுருவத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். வள்ளியம்மையை இச்சா சக்தி என்றும், தெய்வயானை அம்மையைக் கிரியா சக்தி என்றும், கையிலுள்ள வேலை ஞான சக்தி என்றும் எமது பெரியோர் விளக்குவர். இச்சை என்பது விருப்பம். ஞானம் என்பது அறிவு. கிரியை என்பது செயல். ஆன்மாவுக்கும் இம்மூன்று ஆற்றல்களும் உண்டு என்பது சைவ சித்தாந்தக் கொள்கை.

இம்மூன்றையும் எமது அன்றாட வாழ்வோடு பொருத்திப் பார்க்கலாம். ஒன்றை அடையலாம் என்று மனம் விரும்பித் துணிவது தன்னம்பிக்கை. அதற்கான வழியைக் காண்பது அறிவு. கண்ட வழியிலே தவறாமல் நடந்து காட்டுவது ஆளுமை. வேல் மட்டும் தனியே நிற்கும் சந்நிதிகளும் உண்டுதான். ஆயினும் வள்ளி தெய்வயானை சமேதராய்ப் பெருமான் எழுந்தருளும் காட்சியிலேதான் திருவிழா நிறைவு பெறுகின்றது. அதுபோல மனித வாழ்வும் இம்மூன்றும் சேர்ந்தாலன்றி நிறைவு பெறுவதில்லை.

அறிவு

அறிவு என்றதும் எமது மனதில் வருவது பரீட்சைப் புள்ளிதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கி, க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் என்று இது தொடர்கின்றது. 2001 ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி என்ற முறையும் வந்தது. பல்கலைக்கழகம் செல்லத் தகுதி பெறும் மாணவர்களிலும் பெரும் பகுதியினருக்கு இந்நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. ஆகவே இடம் கிடைக்காத பிள்ளைகள் எல்லோரும் அறிவற்றவர்கள் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை உணரவேண்டும். அங்கே குறைவாக இருப்பது பிள்ளையின் அறிவு அன்று, கதிரைகளின் எண்ணிக்கையே.

அறிவை அளக்கும் சோதனையை முதலில் ஒழுங்காக வகுத்தவர்களுள் ஒருவர் பிரான்ஸ் நாட்டு உளவியலாளர் அல்பிரட் பினே. 1905 இல் அவரும் தியோடோர் சிமோனும் சேர்ந்து அதனை உருவாக்கினர். அதன் நோக்கம் என்ன தெரியுமா? சாதாரண வகுப்பிலே பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்களுக்கு வேண்டிய விசேட கற்பித்தலை வழங்குவதே. அறிவு என்பது பிறவியில் அளந்து வைத்த, கூட்ட முடியாத ஒரு பொருள் என்ற கருத்தைப் பினே எதிர்த்தார். பயிற்சியால் அது வளரும் என்று 1909 இல் எழுதினார். உதவி தேவைப்படுவோரைக் காண்பதற்கென்று செய்த அளவுகோலைப் பின்வந்தோர் பிள்ளைகளை ஒதுக்கும் கோலாகவும் பயன்படுத்திவிட்டனர்.

அதற்காக அறிவு முக்கியமில்லை என்று சொல்லவும் கூடாது. புதிய வேலையை விரைவாகக் கற்றுக்கொள்ளவும், சிக்கலை அவிழ்க்கவும் அது பெரிதும் உதவுகின்றது. ஆயினும் அறிவு மட்டும் இருந்தால் போதாது என்பதற்குக் கணிதமேதை இராமானுஜன் சிறந்த சான்று. 1887 இல் ஈரோட்டிலே பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதத்திலே மூழ்கி மற்றைய பாடங்களைக் கைவிட்டதனால் கல்லூரியில் உதவிப்பணத்தை இழந்தார். கல்லூரிப் பரீட்சையிலும் தோல்வியுற்றார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் ஓர் எழுதுவினைஞராக வேலைக்கு அமர்ந்தார். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டிருந்த அவர், எவரும் மதிக்காத காலத்திலும் தமது கணக்குகளைக் கொப்பிகளில் எழுதிக்கொண்டே இருந்தார். 1913 இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே வாழ்வின் திருப்பமாயிற்று. 1918 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1920 இல், 32 வயதில் மறைந்தார்.

இங்கே அறிவு முதலிலிருந்தே இருந்தது. ஆனால் பரீட்சை அதனைக் காணவில்லை. விடாமல் எழுதிய மனத்துணிவும், கடிதத்தை வாசித்துவிட்டு எறிந்துவிடாமல் மதித்த ஒரு மனிதரும் சேர்ந்தபோதே அது உலகுக்கு வெளிப்பட்டது. அந்த இரண்டாவது விடயத்தை, அதாவது மதித்த மனிதரை, நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

தன்னம்பிக்கை

இனி எனது தவறைச் சொல்கின்றேன். 1986 ஆம் ஆண்டளவில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு தவணைப் பரீட்சையில் ஒரு மாணவன் 11 புள்ளி பெற்றிருந்தான். விடைத்தாளைக் கொடுக்கும்போது, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "உன்ரை மண்டையிலை இது ஏறாது. ஏன் வீணாய் வாறாய்?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த தவணை அவன் பாடசாலைக்கு வரவில்லை. தகப்பனோடு தோட்டத்துக்குப் போகிறான் என்றார்கள். நான் தேடிப்போய் விசாரிக்கவும் இல்லை.

1990 இன் பின்னர் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் எரிபொருளுக்கும் பெரும் தட்டுப்பாடு. குப்பி விளக்கிலே பிள்ளைகள் படித்ததும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் எம்மவர்க்கு நினைவிருக்கும். இறைப்பு மிசின்களைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. 1993 இல் எங்கள் தோட்டத்து மிசின் நின்றுவிட்டது. வெங்காயம் வாடத் தொடங்கியது. ஊரிலே கெட்டிக்கார மெக்கானிக் ஒருவன் இருக்கிறான் என்று கூட்டிவந்தார்கள். வந்தவன் அந்த மாணவன்.

என்னைக் கண்டதும் சாரத்தை இறக்கிவிட்டு, "சேர்" என்று மரியாதையோடு நின்றான். மிசினைக் கழற்றிப் பார்த்தபடியே எனக்கு விளங்கப்படுத்தினான். "மண்ணெண்ணெய் சூடு கண்டால்தான் சேர் ஆவியாகும். அதுக்குத்தான் முதல் பெற்றோலிலை கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கிறது. உங்கடை மிசினிலை சூடாக முதலே மாத்திப்போட்டினம்." எத்தனை துளி, எவ்வளவு நேரம், எவ்வளவு எண்ணெய்க்கு எத்தனை கன்று வெங்காயம் இறைக்கலாம் என்று மனக்கணக்காகவே சொன்னான். அரை மணித்தியாலத்தில் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது.

"இவ்வளவு தெரிஞ்ச நீ ஏனடா தம்பி படிப்பை விட்டனீ?" என்று கேட்டேன். "நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள், எனக்கு ஏறாதெண்டு. நீங்கள் சொன்னால் சரியாத்தானிருக்கும் எண்டு நினைச்சிட்டன்" என்றான். அவனுடைய குரலில் கோபம் இருக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவன் என்னை நம்பியிருந்தான். நான் சொன்னதனால் தன்னை நம்பாமல் விட்டுவிட்டான்.

தன்னம்பிக்கை எங்கிருந்து பிறக்கின்றது என்பதைப் பற்றி அல்பேட் பண்டூரா என்ற உளவியலறிஞர் 1977 இல் ஒரு விளக்கம் தந்தார். அவர் நான்கு ஊற்றுக்களைக் கூறினார். முதலாவது, ஒரு செயலைத் தானே செய்து வெற்றிகண்ட அனுபவம். இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் அதனைச் செய்வதைக் காண்பது. மூன்றாவது, மதிப்புக்குரியவர் சொல்லும் ஊக்கமான சொல். நான்காவது, பதற்றமில்லாத உடல், மன நிலை. இவற்றுள் மிகவும் வலியது முதலாவதே என்றார். அதாவது, "உன்னால் முடியும், உன்னால் முடியும்" என்று வெறுமனே சொல்லிக்கொண்டிருப்பதனால் மட்டும் தன்னம்பிக்கை வளராது. செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைக் கொடுத்து, அதனைச் செய்து முடிக்க விட்டால் வளரும். தன்னைப்பற்றிய பெருமித உணர்வு மட்டும் படிப்பை உயர்த்திவிடுவதில்லை என்பதையும், நன்றாகச் செய்வதனாலேயே பெரும்பாலும் அந்த உணர்வு வருகின்றது என்பதையும் 2003 இல் பௌமைஸ்ரர் முதலிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினர்.

எனவே பிள்ளையைப் பொய்யாகப் புகழ்வதும் உதவியன்று. ஆனால் மூன்றாவது ஊற்றாகிய சொல்லை நாம் இலேசாக எண்ணவும் கூடாது. கட்டியெழுப்புவதற்குச் சொல் மட்டும் போதாது. ஆனால் இடித்துவிடுவதற்கு ஒரே ஒரு சொல் போதும் என்பதை அந்தத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலே நான் கற்றுக்கொண்டேன்.

ஆளுமை

ஆளுமை என்றால் எடுப்பான தோற்றமும் மேடைப் பேச்சும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒருவர் பல வேளைகளிலும் எப்படி நடந்துகொள்கின்றார் என்ற நிலையான இயல்பே ஆளுமை. உளவியலாளர் இதனை ஐந்து கூறுகளாகப் பார்ப்பதுண்டு. புதியவற்றை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகுதல், இணக்கம், மனச்சமநிலை என்பன அவை. 1991 இல் பரிக், மவுண்ட் என்னும் இருவர் பல்வேறு தொழில்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆராய்ந்த எல்லாத் தொழில் பிரிவுகளிலும் நல்ல வேலைத்திறனோடு தொடர்புபட்டு நின்றது பொறுப்புணர்வே எனக் கண்டனர். கலகலப்பாகப் பழகும் இயல்பு, விற்பனை, முகாமைத்துவம் போன்ற தொழில்களில் உதவியது. பொறுப்புணர்வோ எங்கும் உதவியது.

இதனை அறிய நாம் வெளிநாட்டு ஆய்வைத் தேடிப் போகவும் வேண்டியதில்லை. எமது ஆலயத்தின் திறப்பை நாம் யாரிடம் கொடுக்கின்றோம்? ஊரிலே அதிகம் படித்தவரிடமா? மேடையிலே நன்றாகப் பேசுபவரிடமா? மழையென்றும் பனியென்றும் பாராமல் நேரத்துக்கு வந்து கதவைத் திறப்பார் என்று நாம் நம்பும் ஒருவரிடமே கொடுக்கின்றோம். தேர்த் திருவிழாவன்று வடம் பிடிக்க ஆயிரம் பேர் உண்டு. சில்லுக்குக் கட்டை போடும் பொறுப்பையோ கண் பதறாத, கை தவறாத நாலைந்து பேரிடமே விடுகின்றோம். தொழில் வாழ்விலும் இதுவே நடக்கின்றது. அறிவு ஒருவருக்கு வேலையின் கதவைத் திறந்துவிடலாம். ஆனால் காலப்போக்கில் திறப்பையே அவர் கையில் கொடுக்கச் செய்வது அவரது பொறுப்புணர்வே.

எல்லாம் அவன் செயல் அல்லவா?

இவ்விடத்தில் அடியார்களுக்கு ஓர் ஐயம் எழலாம். "எல்லாம் அவன் செயல் என்று இருப்பவர்கள் நாம். தன்னை நம்பு என்பது ஆணவம் ஆகாதா?" என்பதே அது. இது நியாயமான கேள்வி.

ஆணவ மலத்தினால் மறைப்புண்டு கிடக்கும் ஆன்மாவின் இச்சை, ஞானம், செயல் என்பன விளங்கும் பொருட்டே, இறைவன் உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் அனுபவங்களையும் தந்தருளினான் என்பது சித்தாந்தம். அவன் தந்த கையைப் பயன்படுத்துவது அவனை மறப்பதாகாது. பயன்படுத்தாமல் கட்டிக்கொண்டிருப்பதே அவன் தந்ததை மதியாமையாகும். ஆணவம் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து, "நான் உன்னிலும் பெரியவன்" என்னும். தன்னம்பிக்கை முன்னால் இருக்கும் வேலையைப் பார்த்து, "இதைத் தொடங்குவோம்" என்னும். இரண்டும் ஒன்றல்ல.

திருவள்ளுவரும் அறத்துப்பாலின் இறுதி அதிகாரமாகிய 38 ஆவது அதிகாரத்திலே ஊழின் வலிமையைப் பேசினார். அதே நூலின் பொருட்பாலில் 60 ஆவது அதிகாரத்தை ஊக்கமுடைமைக்கும், 62 ஆவதை ஆள்வினையுடைமைக்கும், 63 ஆவதை இடுக்கண் அழியாமைக்கும் ஒதுக்கினார். ஊழ் உண்டு என்பதை மறுக்காமலே முயற்சியை வற்புறுத்தியமை கவனிக்கத்தக்கது.

ஊழை நினைப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசலை விட்டு நடந்தபோது, எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு இடைநின்றது. அவர்களிலே அறிவு குறைந்ததா? தன்னம்பிக்கை குறைந்ததா? இல்லை. ஆகவே தோற்றவரைப் பார்த்து, "முயற்சி போதாது" என்று தீர்ப்புக் கூற எமக்கு உரிமை இல்லை. ஊழ் என்ற சொல்லை எனது சோம்பலுக்குச் சாட்டாக நான் சொல்லக்கூடாது. அடுத்தவரின் துன்பத்தைக் கண்டு இரங்குவதற்காக அதனை நினைக்கலாம்.

எது வெற்றி?

நாரதர் கொண்டுவந்த மாங்கனிக் கதையைச் சிறு பிள்ளையும் அறியும். போட்டி ஒன்று, பரிசு ஒன்று, பிள்ளைகள் இருவர். தாய் தந்தையரை வலம் வந்து கனியைப் பெற்றார் பிள்ளையார். மயிலேறி உலகைச் சுற்றிவந்த முருகனுக்குக் கனி கிடைக்கவில்லை. ஆனால் முருகன் தோற்றான் என்று எந்த அடியவராவது சொல்வாரா? மாங்கனி கிடைக்காத பிள்ளைக்குப் பழனி மலை கிடைத்தது. ஒருவர் சிந்தித்து வென்றார். மற்றவர் உலகெல்லாம் சுற்றி உழைத்தார். இருவரையும் ஒரே ஆலயத்தில் வைத்துத்தான் நாம் கும்பிடுகின்றோம்.

சிவாலயங்களில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரையும் பாருங்கள். திருநீலகண்டர் மண்பாண்டம் வனைந்தவர். திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தவர். அதிபத்தர் கடலில் வலை வீசியவர். நேசர் நெசவு செய்தவர். அரசர்களும் அமைச்சரும் அதே வரிசையில்தான் நிற்கின்றனர். எந்தத் தொழில் என்று பார்த்து அங்கே இடம் கொடுக்கப்படவில்லை. எடுத்த தொழிலையும் கொண்ட தொண்டையும் எவ்வளவு உண்மையாகச் செய்தார் என்பதே பார்க்கப்பட்டது. வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டே வாசல்களை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டும் நாம் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோரும் பெரியோரும் மனங்கொள்ள வேண்டியவை சில உண்டு. பெறுபேறு வந்த அன்று, "எத்தனை ஏ?" என்று வீதியில் மறித்துக் கேட்பதை நிறுத்துவோம். பிள்ளையின் முன்னால், "இவனுக்கு வராது" என்று சொல்லாதிருப்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதைத் தவிர்ப்போம். வயதுக்கேற்ற ஒரு பொறுப்பை, அது பூமரத்துக்குத் தண்ணீர் விடுவதாயினும், ஆலயத்தில் பஞ்சபுராணம் பாடுவதாயினும், முழுமையாக ஒப்படைப்போம். தவறினால் பறித்தெடுக்காமல், மறுமுறை செய்ய விடுவோம். பல்கலைக்கழகம் கிடைக்காதவிடத்துத் தேசிய தொழில் தகைமைப் பயிற்சிகள் போன்ற வழிகளை, "வேறு கதியில்லை" என்ற முகத்தோடு காட்டாமல், மதிப்போடு காட்டுவோம்.

பல ஆண்டுகளின் பின்னர் அந்த மெக்கானிக்கின் மகள் எனது வகுப்புக்கு வந்தாள். முதல் தவணையில் கணிதத்தில் 19 புள்ளி. விடைத்தாளைக் கொடுக்கையில் எனக்குப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. "எதுமட்டும் விளங்கினது எண்டு காட்டு பிள்ளை. அங்கையிருந்து துவங்குவம்" என்றேன். பின்னத்தில் தடக்குப்பட்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் இரண்டு கணக்கு, அவ்வளவுதான். சாதாரண தரத்தில் அவள் கணிதத்தில் 'சி' எடுத்தாள். பத்திரிகையிலே படம் போடும் பெறுபேறு அன்று அது. ஆனால் அவளுடைய தந்தை கற்கண்டுச் சரையோடு எனது வீட்டு வாசலிலே வந்து நின்றபோது, அவனுக்குக் கொடுக்கத் தவறியதை அவனுடைய பிள்ளைக்காவது கொடுக்க முடிந்ததே என்று இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

அறிவு வளரக்கூடியது. ஆளுமை பழக்கத்தால் உறுதிப்படுவது. தன்னம்பிக்கையோ ஒருவரின் உள்ளத்தில் முளைத்தாலும், அதற்குத் தண்ணீர் விடுபவர்களும் வெந்நீர் ஊற்றுபவர்களும் சுற்றியிருக்கும் நாம்தான். அடுத்த பரீட்சைக்கு அர்ச்சனை செய்ய வரும்போது, பிள்ளைக்கு நல்ல பெறுபேற்றை வேண்டுவதோடு, எமக்கு நல்ல நாவையும் வேண்டிக்கொள்வோம். எல்லாம் வல்ல இறைவன் எம் பிள்ளைகளுக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றையும் நிறைவாக அருள்வானாக.

இன்பமே சூழ்க, எல்லோரும் வாழ்க.